கமலவேணி அக்காவின் முகம்

செய்தி எனக்கு மேல்சித்தாமூர் பஸ் நிறுத்தத்தில் கிடைத்தது. அம்மாவைப் பார்த்துவிட்டுச் செஞ்சிக்குத் திரும்பக் காத்திருந்தேன். பஸ் வந்து நின்றதும் கண்டக்டர் படியில் நின்றபடியே சொன்னார்.

"டீச்சர், விஷயம் தெரியாதா? உங்க சல்லடையம்மா பூட்டாங்க. காலையிலதான்."

அவர் கெட்ட மனிதர் அல்ல. குரலில் வருத்தம் இருந்தது. ஆனாலும் அந்தச் சொல்லைத்தான் சொன்னார். ஏழெட்டு ஆண்டுகள் செஞ்சியில் வாழ்ந்த ஒரு பெண்மணியின் சாவைச் சொல்லும்போதுகூட ஊருக்கு அவருடைய பெயர் வாயில் வரவில்லை. முகமெல்லாம் பெரியம்மைத் தழும்பு. ஆகவே சல்லடை. "கமலவேணி," என்றேன் நான். "ஆமா, அவங்கதான்," என்றார் அவர். நான் ஏறி உட்கார்ந்தேன். பஸ் புறப்பட்டது. வழியெல்லாம் எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. இதை எழுதும் இந்த நேரம் வரை அது தணியவில்லை.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கமலவேணி அம்மையார் ஆரணிப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் பிறந்தவர். பதினேழு வயதில் திருமணம். இரண்டாம் வருடம், தாய்வீட்டுக்கு வந்திருந்தபோது அம்மை கண்டது. பிழைத்ததே பெரிது என்றார்களாம். கணவர் ஒரு மில்லில் கணக்கர். செய்தி கேட்டு மாமியார் வீட்டுக்கு வந்தார். அந்த வருகையைப் பற்றி அக்கா எங்களிடம் ஒரே ஒரு தரம் சொல்லியிருக்கிறார். "வாசல்லயே நின்னு பாத்தாரு. செருப்பக்கூடக் கழட்டல. ஒடம்பு தேறட்டும், வந்து கூட்டிட்டுப் போறேன்னு சொன்னாரு. ஒடம்பு தேறிடுச்சு."

அதற்கு மேல் அந்த மனிதரைப் பற்றி அவர் பேசியதில்லை. தம் தாயாரைப் பற்றித்தான் அதிகம் சொல்வார். மகள் மனம் உடைந்துவிடுவாள் என்று அந்த அம்மாள் வீட்டில் இருந்த கண்ணாடிகளையெல்லாம் பரணில் ஏற்றிவிட்டாராம். "பாசத்துலதான் செஞ்சாங்க. ஒரு வருசம் நான் கெணத்துத் தண்ணியிலதான் மூஞ்சி பாத்தேன். தண்ணி ஆடிக்கிட்டே இருக்கும் இல்ல, ஒண்ணும் தெரியாது. அப்புறம் ஒருநாள் பரண்ல ஏறி எடுத்துப் பாத்தேன். பயந்த அளவுக்கு அதுல ஒண்ணும் இல்ல. என் மூஞ்சிதான். அவங்க மூடி வெச்சதுதான் என்னப் பயமுறுத்திச்சு."

அதன் பிறகு வீட்டிலிருந்தே படித்துப் பரீட்சை எழுதினார். சமூக சேவைப் பயிற்சி முடித்தார். செஞ்சிக் கடைவீதி வியாபாரிகள் சிலர் ஒரு கமிட்டி அமைத்துப் பெண்களுக்கென்று ஒரு மன்றம் நடத்தி வந்தார்கள். கடைவீதிக்குப் பின்னால் ஒரு வாடகை வீடு, இரண்டு தையல் மெஷின், ஒரு ரேடியோ, பிள்ளைகளுக்குக் கரைத்துக் கொடுக்கப் பால் பவுடர். கமிட்டித் தலைவர் ஒரு ஜவுளிக்கடை முதலாளி. நான் அங்கே தையல் டீச்சர். அந்த மன்றத்துக்கு அமைப்பாளராகத்தான் அக்கா வந்தார்.

வந்த அன்று, நான் மெஷினுக்கும் அலமாரிக்கும் நடந்துகொண்டிருந்ததைச் சற்று நேரம் பார்த்திருந்துவிட்டுக் கேட்டார். "கீழ இன்னா தேடுற பத்மா?"

"ஒண்ணும் தேடலயேக்கா."

"அப்புறம் ஏன் குனிஞ்சே நடக்குற?"

நான் உயரம். எங்கள் குடும்பத்து ஆண்களைவிட உயரம். பன்னிரண்டு வயதிலிருந்து வீட்டில் எனக்குச் சொல்லப்பட்டது ஒன்றே ஒன்றுதான்: குனிந்து நில், இல்லாவிட்டால் மாப்பிள்ளை அமையாது. குனிந்தேன். மாப்பிள்ளையும் அமையவில்லை, முதுகுவலியும் போகவில்லை. இதை நான் சிரித்துக்கொண்டே சொன்னேன். அக்கா சிரிக்கவில்லை.

"உன் ஒசரத்த யாரு கிட்டயாவது கடன் வாங்கினியா, திருப்பிக் குடுக்குறதுக்கு? உன்னோடதுதானே? நிமிரு."

நிமிர்ந்தேன். முதல் வாரம் முதுகு இன்னும் அதிகமாக வலித்தது. பிறகு வலி போய்விட்டது. வைத்தியரிடம் காட்டி, தைலம் தேய்த்து, போகாத வலி அது.

அவர் செய்த வேலைகளில் ஊர் அதிகம் பேசியது நிலைக்கண்ணாடியைப் பற்றி. ஆளுயரக் கண்ணாடி ஒன்று மன்றத்துக்கு வேண்டும் என்று கமிட்டியில் கேட்டார். தைத்த துணியைப் போட்டுப் பார்க்க வேண்டாமா என்றார். அது நியாயமாகப் பட்டதால் ஒப்புக்கொண்டார்கள். வைக்கோல் சுற்றி, கோணி போர்த்தி, திண்டிவனத்திலிருந்து பஸ் கூரையில் வந்து இறங்கியது.

முதல் நாள் ஒருத்தியும் அதன் பக்கம் போகவில்லை. சுவரை ஒட்டி நின்று முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். பெரும்பாலோர் வீட்டில் இருந்தது உள்ளங்கை அளவுக் கண்ணாடி. பொட்டு வைக்க நெற்றி தெரியும், பூ வைக்கக் காது தெரியும். தம் முழு உருவத்தை வாழ்நாளில் பார்த்தறியாதவர்கள் அவர்கள். இன்று யோசித்தால் எனக்கே நம்ப முடியவில்லை. அந்த உடம்பால்தான் களை பறித்தார்கள், பிள்ளை பெற்றார்கள், அடி வாங்கினார்கள். அது எப்படி இருக்கும் என்று மட்டும் தெரியாது.

பக்கத்துக் கிராமமான சிங்கவரத்து முனியம்மாள்தான் முதலில் போனாள். வேர்க்கடலைக் காட்டில் கூலி வேலை செய்பவள். ஐந்து பிள்ளை பெற்றவள். போய் நின்றாள். சிரிப்பு அடங்கியது.

"நானா இது?" என்றாள். கையைத் தூக்கினாள். உள்ளே இருந்தவளும் தூக்கினாள். "எம்மாம் பெரிய ஆளா கீறேன்! எங்க ஊட்டுக்காரரு என்னிய எப்பப் பாரு சுண்டெலி, சுண்டெலின்னுவாரு."

பிறகு திரும்பி நின்று, கழுத்தை ஒடித்துக்கொண்டு, தன் முதுகைப் பார்க்க முயன்றாள். முதுகு எப்படி இருக்கும் என்று தனக்குத் தெரியாது என்றாள். அக்கா ஒரு சிறிய கண்ணாடியை எடுத்துக்கொடுத்து, பிடிக்கும் விதத்தைக் காட்டினார். முனியம்மாள் தன் முதுகைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். "பாவம், கருத்துப் போயி கெடக்குது. அம்புட்டு வெயிலயும் இதுதான வாங்குது," என்று சொல்லி, யாரோ ஒரு குழந்தையைத் தடவுவதுபோலத் தோளைத் தடவிக்கொண்டாள்.

அன்றே அக்கா ஒரு சட்டம் போட்டார். இந்தக் கண்ணாடி முன்னால் நின்று எவளும் தன்னைத் திட்டக் கூடாது, பக்கத்தில் நிற்பவளையும் திட்டக் கூடாது. மீறினால் அன்றைக்குப் பால் பவுடர் முழுவதையும் அவளே கரைக்க வேண்டும். முதல் மாதம் பால் பவுடர் கரைக்கப் பெண்களுக்குப் பஞ்சமே இல்லை. 'என் மூக்கு', 'என் பல்லு', 'என் கறுப்பு' என்று ஆரம்பித்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வார்கள். போகப் போகப் பால் கரைக்க ஆள் கிடைக்காமல் நானே கரைக்க வேண்டியதாயிற்று.

அம்மை ஊசி போட வந்த ஆட்களைக் கண்டு சிங்கவரத்துப் பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கொல்லைப் பக்கம் ஓடினபோது, அக்காதான் போய்ப் பேசினார். எல்லோரும் எதிர்பார்த்தது அவர் தம் முகத்தைக் காட்டி, இப்படி ஆகிவிடும் என்று பயமுறுத்துவார் என்று. அவர் அப்படிச் செய்யவில்லை. "இந்த மூஞ்சி எனக்குப் புடிச்சுதான் இருக்குது. ஆனா இது வந்த வழி பொல்லாதது. எங்கூட அம்மையில படுத்திருந்த நாலு பேரு எழுந்திருக்கல. அந்த வழி உங்க கொழந்தைங்களுக்கு வேணாம்," என்றார். பிள்ளைகளைக் கொண்டுவந்து வரிசையில் நிறுத்தினார்கள்.

இனி சரோஜாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜவுளிக்கடைத் தலைவரின் மூத்த மகள். நல்ல கறுப்பு, நல்ல பருமன். பெண் பார்க்க வந்தவர்கள் காபி குடித்துவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார்கள். பெண்ணுக்குத் தையல் தெரியும் என்று சொல்லிக்கொள்ளலாமே என்று தந்தையே அவளை மன்றத்துக்கு அனுப்பினார். வந்தவள் மூலையில் மெஷினுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டாள். மெஷின் அவளை மறைக்கவில்லை என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் அங்கேதான் உட்காருவாள். மத்தியானச் சாப்பாட்டைப் பிறர் எதிரில் சாப்பிட மாட்டாள். பருமனான பெண் சாப்பிடுவதைப் பார்த்தால் ஊர் சிரிக்கும் என்று அவளுடைய தாயார் சொல்லியிருந்தார்.

அந்த மாசி மாதம் அக்கா மன்றத்துப் பெண்களையெல்லாம் ராஜகிரிக்கு அழைத்துப் போனார். நிமிர்ந்தால் கண்ணில் படும் கோட்டை மலை. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் ஏறுவார்கள், பள்ளிப் பையன்கள் ஏறுவார்கள். எங்களில் ஒருத்தியும் ஏறியதில்லை. கல்யாண மஹாலைத் தாண்டிப் படி ஏற ஆரம்பித்ததுமே சரோஜாவுக்கு மூச்சு வாங்கியது. பாதி வழியில் ஒரு பாறையில் உட்கார்ந்து, "என்னால முடியாதுக்கா. இந்த ஒடம்ப வெச்சுக்கிட்டு முடியாது. நீங்க போங்க," என்று அழுதாள். அக்கா பக்கத்தில் உட்கார்ந்தார். அவசரப்படுத்தவில்லை. தண்ணீர் கொடுத்தார். மூச்சு அடங்கியதும் எழுந்து நடந்தார்கள். மறுபடியும் உட்கார்ந்தார்கள். நாங்கள் எல்லோரும் உச்சிக்கு முன்னாலுள்ள மரப்பாலத்தருகே காத்திருந்தோம். கடைசியில் சரோஜா வந்தாள். முகம் வியர்த்து, ரவிக்கை நனைந்து, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தாள். பாலத்தைத் தாண்டி மேலே போய் நின்றதும் காற்று புடவையை அடித்தது. கீழே கடைவீதி ஒரு கோடு போலத் தெரிந்தது. அதில் அவளுடைய தந்தையின் கடை எது என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

அக்கா அப்போது அவளிடம் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "இம்மாந் தூரம் உன்ன எது தூக்கிக்கிட்டு வந்திச்சு? இந்தக் காலுதானே? இந்த இடுப்புதானே? பாதி வழியில இதையா திட்டின? கீழ எறங்கினப்புறமாவது இதுகிட்ட ரெண்டு வார்த்த மரியாதையாப் பேசு."

கட்டுச் சோற்றைப் பிரித்தோம். நான் சமணக் குடும்பம். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடிக்கும் வழக்கம் என்பதால் அக்கா முதல் பொட்டலத்தை என்னிடம் கொடுப்பார். அன்று சரோஜாவிடம் கொடுத்தார். எல்லோருக்கும் நடுவில் உட்கார்ந்து அவள் வயிறு நிறையச் சாப்பிட்டாள்.

அடுத்த மாதம் மறுபடியும் பெண் பார்க்க வந்தார்கள். புடவை கட்டிவிட என்னை அழைத்தார்கள். அக்காவை அழைக்கவில்லை. நல்ல காரியத்தில் அந்த முகம் எதற்கு என்று அந்த வீட்டில் பேசிக்கொண்டதை நான் என் காதால் கேட்டேன்.

பிள்ளையின் தாயார் கூடத்தில் சரோஜாவை நிறுத்திவைத்து நடக்கச் சொன்னார். திரும்பச் சொன்னார். பின்னலை அவிழ்க்கச் சொன்னார். கடைசியில் விரலை நாக்கில் தொட்டு, அவளுடைய கன்னத்தில் தேய்த்து, பவுடர் ஒட்டுகிறதா என்று பார்த்தார். சரோஜா அசையாமல் நின்றாள். பிறகு, குரலை உயர்த்தாமல், மரியாதையாகவே சொன்னாள்.

"அம்மா, உங்க புள்ளையையும் கொஞ்சம் எழுந்து நடக்கச் சொல்றீங்களா? வந்ததுல இருந்து உக்காந்தே இருக்காரு. நானும் பாக்கணும் இல்ல?"

அந்தப் பையன் நல்லவன் போலிருக்கிறது. பாதி எழுந்தும் விட்டான். தாயார் அவனுடைய தோளைப் பிடித்து உட்கார வைத்தார். அடுத்த நிமிடம் எல்லோரும் எழுந்து செருப்பைத் தேடினார்கள்.

அவர்கள் போனதும் தலைவர் எங்கள் எல்லோர் எதிரிலும் மகளை அறைந்தார். "யாருடி சொல்லிக் குடுத்தது? அந்தச் சல்லடையா?"

"யாரும் சொல்லிக் குடுக்கல நைனா. எனக்கே தோணிச்சு."

அதை அவர் நம்பவில்லை. இன்றுவரை நம்பவில்லை. தம் மகளுக்குத் தானாக ஒரு வார்த்தை தோன்றும் என்பதைவிட, வேறொருத்தி அதை அவள் வாயில் வைத்தாள் என்று நம்புவது அவருக்குச் சுலபமாக இருந்தது.

அந்த வாரமே கமிட்டி கூடியது. என்னையும் உட்காரச் சொன்னார்கள். மன்றத்துக்கு வரும் பெண்கள் கெட்டுப்போகிறார்கள் என்றார் ஒருவர். குடும்பப் பெண்களைக் கண்ணாடி முன்னால் நிறுத்தி டான்ஸ்காரி ஆக்குகிறார்கள் என்றார் இன்னொருவர். அக்கா பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். "தப்பு இன்னான்னு சொல்லுங்க ஐயா. இருந்தா திருத்திக்கிறேன்," என்றார்.

தலைவர் சொன்னார். "உங்க மூஞ்சிக்கு நடந்ததுல புருஷன் விட்டுட்டுப் பூட்டான். எங்க பொண்ணுங்களும் உங்கள மாதிரி தனியா நிக்கணும்னு பாக்குறீங்களா?"

அங்கே இருந்த ஒருவராவது, போதும் என்று அவரைத் தடுத்திருக்கலாம். எல்லோரும் விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அக்கா எழுந்தார். "மூஞ்சிக்கு நடந்தது அம்மை, ஐயா. மத்ததெல்லாம் மனுஷங்க செஞ்சது," என்றார். சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே வந்தார். நானும் வந்துவிட்டேன். பெருமைக்காகச் சொல்லவில்லை. அங்கே உட்கார முடியவில்லை.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சரோஜாவை அவசர அவசரமாகப் போளூருக்கு அப்பால், மனைவியை இழந்த ஒருவருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அவருக்கு ஏற்கனவே பிள்ளைகள் இருந்தன. அவரிடம் யாரும் நடந்து காட்டச் சொல்லவில்லை. நிலைக்கண்ணாடி தலைவரின் ஜவுளிக்கடைக்குப் போயிற்று. முகூர்த்தப் பட்டு எடுக்க வரும் பெண்கள் இப்போதும் அதில்தான் பார்த்துக்கொள்கிறார்கள். மன்றம் இப்போது வெள்ளிக்கிழமைகளில் பஜனைக்கு மட்டும் திறக்கிறது.

அக்கா ஊரை விட்டுப் போகவில்லை. போய்விடும்படி நானே சொன்னேன். "எதுக்குப் போவணும்? என் மூஞ்சி இந்த ஊருக்குப் பழகிடுச்சு. புது ஊருல மறுபடியும் மொதல்லருந்து பழக்கணும்," என்றார். கோட்டைக்குப் போகும் சாலையில் ஓர் அறை பிடித்து இருவரும் தையல் வேலை செய்தோம். அரிசிக்கு ரேஷன் கடையில் கால் கடுக்க நின்ற நாட்கள் அவை. சிங்கவரத்துப் பெண்கள் வெளிப்படையாக வந்தார்கள். முனியம்மாள் கடலை கொண்டுவந்து கொட்டுவாள். கடைவீதி வீட்டுப் பெண்களும் வந்தார்கள், பின்பக்கச் சந்து வழியாக. அளவு கொடுக்கிற சாக்கில் உட்கார்ந்து, தம் உடம்பைப் பற்றித் தாயிடம்கூடக் கேட்காத சந்தேகங்களையெல்லாம் அக்காவிடம் கேட்டார்கள். வெளியே வீதியில் அவரைக் கண்டால் அதே பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார்கள். அக்கா அதைக் குறையாகச் சொன்னதில்லை. நான் சொல்கிறேன்.

ஒருநாள் துணி வெட்டிக்கொண்டே, நாளைக்குக் காய்கறி என்ன வாங்கலாம் என்று கேட்கிற குரலில் சொன்னார். "பத்மா, மார்ல ஒரு கட்டி இருக்குது. போன மாசம் இல்ல. இப்ப இருக்குது."

உள்ளூர் டாக்டரிடம் போனோம். அவர் மேஜைக்குப் பின்னாலிருந்து எழுந்திருக்கவே இல்லை. தொட்டுப் பார்க்கவில்லை. முகத்தை ஒருமுறை பார்த்தார், பிறகு அதையும் பார்க்கவில்லை. "புருஷன் இல்லாத பொம்பளைங்களுக்கு இந்த வயசுல இப்படித்தான் ஏதாவது தோணும்," என்று டானிக் எழுதிக் கொடுத்தார். மறுபடியும் போனோம். மறுபடியும் டானிக். கட்டி வளர்ந்தது. கடைசியில் நாங்களாகவே பட்டணத்துக்குப் போய்ப் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினோம். அங்கிருந்த டாக்டர் கோபித்துக்கொண்டார். இவ்வளவு நாள் வெட்கப்பட்டுக்கொண்டு மறைத்து வைத்திருந்தீர்களா என்று கேட்டார். அக்கா அமைதியாகப் பதில் சொன்னார். "நான் மறைக்கல டாக்டர். கட்டி வந்த மாசமே காட்டினேன். அவருதான் பாக்கல."

ஒரு மார்பை எடுத்துவிட்டார்கள். ஊருக்குத் திரும்பி, காயம் ஆறியதும், ரவிக்கைக்கு அளவு எடுக்கச் சொன்னார். நான் டேப்பை வைத்துக்கொண்டு நின்றேன். கேட்கத் தயக்கமாக இருந்தது. கேட்டேன். "அக்கா, அந்தப் பக்கம் பஞ்சு வெச்சுத் தெச்சுடட்டுமா? வெளிய தெரியாது."

கொஞ்ச நேரம் யோசித்தார். அதை நான் சொல்லியே ஆக வேண்டும். அவர் ஒன்றும் கல்லால் செய்தவர் அல்லர். கண் கலங்கியது. சட்டையைத் திறந்து, குனிந்து, அந்த இடத்தைப் பார்த்தார். பிறகு சொன்னார். "வேணாம் பத்மா. இருக்குறபடி தை. இந்தப் பக்கம் இன்னா அளவோ, அந்த அளவுக்கே தை. நல்லா புடிச்சித் தை. தொளதொளன்னு வேணாம்."

இத்தனை ஆண்டுகளில் நான் தைத்த துணிகளில் அதைப்போல் கவனமாகத் தைத்தது வேறில்லை. அதைப் போட்டுக்கொண்டு அவர் கடைவீதி முழுக்க நடந்தார். பார்த்தார்கள். பேசினார்கள். 'வேண்டும் இவளுக்கு, கண்ணாடி பார்த்துப் பார்த்துத் தன் கண்ணே பட்டுவிட்டது' என்று ஒரு வீட்டு வாசலில் சொன்னதை நாங்கள் இருவருமே கேட்டோம். அந்த வீட்டு மருமகள் முந்தின வாரம்தான் சந்து வழியாக வந்து, பிள்ளை பெற்ற பின் தளர்ந்துபோன வயிற்றைப் பற்றி அக்காவிடம் அழுதுவிட்டுப் போயிருந்தாள். அவளும் அந்த வாசலில்தான் நின்றாள். வாயைத் திறக்கவில்லை.

நோய் திரும்பி வந்தது. இந்தத் தடவை பட்டணத்திலும் ஒன்றும் செய்வதற்கில்லை என்றார்கள். கடைசி நாட்களில் முனியம்மாள்தான் கூட இருந்தாள். தண்ணீர் வைத்து உடம்பு துடைத்துவிட்டாள். நான் அம்மாவைப் பார்க்கப் புறப்பட்ட அன்று, "போயிட்டு வா. நிமிந்து நட," என்றார். வழக்கமாகச் சொல்வதுதான். அதுவே கடைசி வார்த்தையாகும் என்று நினைக்கவில்லை.

நான் பஸ்ஸை விட்டு இறங்கி ஓடியபோது அறை வாசலில் கூட்டம் இருந்தது. பெரியவர் ஒருவர், முகத்தைத் துணியால் மூடிவிடலாமா என்று கேட்டார். "இன்னாத்துக்கு மூடணும்? தொட்டன்னா பாரு," என்றாள் முனியம்மாள். மூடாமலேதான் கொண்டுபோனார்கள்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை மன்றத்தில் இரங்கல் கூட்டம். ஆம், அதே மன்றத்தில். தலைமை அதே தலைவர். அழைப்பு அச்சடித்திருந்தார்கள். நாற்காலி வாடகைக்கு எடுத்திருந்தார்கள். அவர் எழுந்து பேசினார். "அம்மையாருக்கு ஆண்டவன் முக அழகைக் கொடுக்கவில்லை, ஆனால் அக அழகை அள்ளிக் கொடுத்தான்," என்றார். கை தட்டினார்கள். தம் முகத்தில் அழகில்லை என்று கமலவேணி அக்கா ஒருநாளும் சொன்னதில்லை. அவர் சாகும்வரை மறுத்த ஒன்றை, அவர் மறுக்க முடியாத நாளாகப் பார்த்துச் சொன்னார்கள்.

பிறகு படத்தைத் திறந்துவைத்தார்கள். போட்டோ ஸ்டூடியோவில் பெரிதாக்கிச் சட்டம் போட்ட படம். திரையை விலக்கியதும் எனக்கு ஒரு நிமிடம் ஒன்றும் புரியவில்லை. வழவழவென்று பளிங்கு போல ஒரு முகம். ஒரு தழும்பு இல்லை. பென்சில் வைத்து ஒவ்வொன்றாக அழித்திருந்தார்கள். நெற்றி யாருடையதோ, கன்னம் யாருடையதோ. "எவ்ளோ லட்சணமா இருக்குது பாருங்க," என்றார் எனக்குப் பின்னால் ஓர் அம்மாள், மனதார.

பெண்கள் பக்கத்தில் ஒருத்தி எழுந்து நின்றாள். சரோஜா. அவள் வந்திருந்ததே எனக்குத் தெரியாது. இளைத்துப் போயிருந்தாள். மடியில் இருந்த குழந்தையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு, நேராக மேடையைப் பார்த்துக் கேட்டாள்.

"நைனா, யாரு இது?"

தலைவர் திகைத்தார். "உக்காரும்மா."

"இல்ல, யாரு இது? கமலவேணி அக்கா படம்னு சொன்னீங்களே. அது எங்க?"

"அழகா இருக்கட்டும்னுதான் செஞ்சோம். உக்காரு. கூட்டத்துல மானத்த வாங்காத."

"செத்தப்புறங்கூட அவங்க மூஞ்சிய உங்களால பாக்க முடியலியா நைனா?"

சரோஜா குழந்தையோடு வெளியே நடந்தாள். முனியம்மாள் எழுந்தாள், நான் எழுந்தேன், சிங்கவரத்துப் பெண்கள் சிலர் எழுந்தார்கள். மன்றம் நிறைய இருந்த மற்ற பெண்கள் உட்கார்ந்தே இருந்தார்கள். அளவு கொடுக்க வந்தவர்கள், சந்து வழியாக வந்து அழுதவர்கள், எல்லோரும் அங்கே இருந்தார்கள். எங்கள் முதுகுக்குப் பின்னால் அடுத்த பேச்சாளர் பேச ஆரம்பித்துவிட்டார். படம் அங்கேதான் தொங்குகிறது. வெள்ளிக்கிழமை தோறும் பஜனையின்போது அதற்கு மாலை போடப் போகிறார்களாம்.

சரோஜாவைப் பஸ் ஏற்ற நான் கூடப் போனேன். கணவருக்குச் சொல்லாமல் வந்திருக்கிறாள். பொழுதுக்குள் திரும்ப வேண்டும். போனால் என்ன நடக்கும் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. போளூர் பஸ்ஸுக்குக் காத்து நின்றோம். திடீரென்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"டீச்சர், அந்தப் படத்தப் பாத்ததுல இருந்து பயமா இருக்குது. அக்கா மூஞ்சி எனக்கு மறந்துடுமோன்னு."

"மறக்காது. எங்க, சொல்லு பாப்போம்."

"எடது புருவம் நடுவுல அறுந்திருக்கும்," என்றாள்.

"மூக்கு நுனியில ஒண்ணு, ஆழமா."

"வலது கன்னத்துல மூணு சேந்தாப்போல. சிரிச்சா ஒண்ணாயிடும்."

"மேலுதட்டுக்கு மேல சின்னதா ஒண்ணு. தண்ணி குடிச்சா ஒரு சொட்டு அதுல தங்கும்."

பஸ் வந்து நின்றது. சரோஜா ஏறினாள். ஜன்னலோரம் உட்கார்ந்து, குழந்தையின் தலைக்கு மேலாகக் கழுத்தை நீட்டி, இன்னும் சொல்லிக்கொண்டே இருந்தாள். தாடையில் ஒன்று, காதோரம் இரண்டு, நெற்றியில் எண்ண முடியாதவை. என்ஜின் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. உதடு அசைவது மட்டும் தெரிந்தது. பஸ் புறப்பட்டுப் போன பிறகும் மிச்சத்தை நான் தனியாக நின்று சொல்லி முடித்தேன்.

போய் வாருங்கள் அக்கா. உங்கள் முகத்தில் ஒரு தழும்பையும் நாங்கள் விடவில்லை.